கீழே அரிக்கிறது என்று சொன்னேன்

1

என்னோடு படித்த லூர்து கடிதம் போட்டிருந்தாள். ஊரில் நம் மாதர் சங்கம் இந்த வருஷம் மலர் கொண்டுவருகிறதாம். கடல் தாண்டிப் போனவர்கள் அவரவர் இடத்து வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். கொழும்பிலிருந்து வந்துவிட்டது, பினாங்கிலிருந்து வந்துவிட்டது, அந்தமான்தான் பாக்கி. "எட்டாம் வகுப்பில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவள் நீ, சாக்குச் சொல்லாதே" என்று முடித்திருந்தாள்.

கப்பல் பயணம், எட்டு மாதம் பெய்கிற மழை, ஒரே தெருவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நம்மவர்களும் இந்தியில் சண்டை போட்டு இந்தியிலேயே சமாதானம் ஆவது, இதையெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். படித்தால் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்தது. எல்லாம் உண்மைதான், ஆனால் நான் அதில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமையோடு நாங்கள் இந்தத் தீவில் இறங்கிப் பதினெட்டு வருஷம் நிறைந்தது. வருஷாவருஷம் அந்த நாளில் என் வீட்டுக்காரர் வேலை விட்டு வரும்போது அபர்டீன் பஜாரில் ஜிலேபி வாங்கி வருவார். இதற்கு முந்தின இரண்டு வருஷமும் அது என் தொண்டையில் இறங்கவில்லை. இந்த வருஷம் ஐந்து தின்றேன். நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். பெண்கள் விஷயம்தான், ஆண்கள் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அச்சில் போடுவதும் போடாததும் லூர்துவின் பொறுப்பு.

2

புரோத்ராபூரில் எங்கள் வீடு. அவர் போர்ட் பிளேரில் அரசாங்கப் படகுப் பட்டறையில் தச்சு வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கையும் பாவாடையும் தைக்கிறேன். ஒரே மகள் பிலோமினா, வயது பதினேழு, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு மாதாந்திரம் நின்றது. நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த மழை ஊரில் துணி காய வைக்கும் பாடு தெரிந்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும். ஒரு வருஷம் போல நன்றாக இருந்தேன். அப்புறம் அரிப்பு ஆரம்பித்தது.

எங்கே என்று கேட்காதீர்கள் என்று எழுத வந்தேன். கேளுங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்காததும், கேட்டபோது நான் சொல்லாததும்தான் இந்தக் கதையே. மூத்திரம் போகிற இடத்திலும், பிள்ளை வருகிற வழியின் வாயிலும், அதைச் சுற்றியும். முதலில் அரிப்பு, பிறகு எரிச்சல், பிறகு தோல் காய்ந்து சுருங்கினாற்போல ஒரு இழுப்பு. மூத்திரம் போனால் மிளகாய் பட்ட மாதிரி இருக்கும்.

இந்த ஊரில் அரிப்பு என்றால் எல்லோரும் படை என்றுதான் சொல்வார்கள். ஈரத் துணி உடுத்தி உடுத்தி இடுப்பிலும் தொடையிலும் படை வராத ஆள் இங்கே குறைவு. நானும் அப்படித்தான் நினைத்தேன். சுத்தம் போதவில்லை என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். புண்ணுக்குப் போடும் கிருமி நாசினியை வெந்நீரில் கலந்து ஊற்றினேன். வேப்பிலை அவித்த தண்ணீர், மஞ்சள், கடைசியில் முகப் பவுடர். கழுவக் கழுவ அதிகமானது. அதிகமாக அதிகமாக இன்னும் கழுவினேன்.

என் தொழில் உட்கார்ந்து செய்கிற தொழில். மிஷின் மிதிக்கும்போது இரண்டு தொடையும் அசையும். ஒரு ரவிக்கைக்கு நாலு தடவை எழுந்து நின்றேன். பஸ்ஸில் பஜாருக்குப் போனால் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போனேன். கோயில் பூசையில் முழங்கால் போடும்போது மட்டும் கொஞ்சம் தணியும் என்று தினமும் போனேன். அதனால் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் கூட, "கிறிஸ்தவங்களுக்கு இவ்வளவு பூஜாவா?" என்று இந்தியில் கேட்டாள்.

அவரிடம் இடுப்பு வலி என்று சொல்லி மகள் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கிண்டிக் கேட்டதில்லை. நான் அதை அவருடைய நல்ல குணம் என்று வைத்திருந்தேன்.

உள்ளுக்குள் எனக்கு ஒரு பயம் இருந்தது. எங்களோடு அதே கப்பலில் வந்த மரியபுஷ்பம் கர்ப்பப்பையில் புற்று வந்து செத்துப்போனாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. புடவையில் ரத்தம் பார்த்து அவள் புருஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை மீறிவிட்டது. குளிப்பாட்ட நான்தான் போயிருந்தேன். அரிப்பு எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவள் முகம் வந்தது.

3

இரண்டு வருஷம் போல ஓட்டிவிட்டு, ஒரு நாள் தாங்க முடியாமல் எங்கள் பக்கத்து மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் வடக்கத்தி ஆள், இந்தியைத் தவிர வேறு தெரியாது. பதினெட்டு வருஷமாக என் இந்தி மீன் வாங்கவும் துணி அளவு எடுக்கவும்தான். அதனால் பிலோமியைக் கூட்டிப்போனேன். அவள் இங்கேயே பிறந்தவள். கனவு கூட இந்தியில்தான் காண்பாள் என்று நினைக்கிறேன். தூக்கத்தில் உளறினால் எனக்குப் புரியாது. வீட்டில் பேசுகிற தமிழும் பாதி தண்ணீர் கலந்த பால் மாதிரிதான்.

"என்ன செய்யுதுன்னு கேக்காங்க, அம்மா" என்றாள்.

பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். மகள் முகத்தைப் பார்த்தேன். வாய் வரவில்லை.

"கீழ அரிக்கிதுன்னு சொல்லுட்டி."

"நீச்சே குஜ்லி ஹோத்தீ ஹை" என்றாள் அவள், பளிச்சென்று.

அவர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "பைர் திகாயியே" என்றார்.

"காலைக் காட்டணுமாம்."

நான் செருப்பைக் கழற்றி வலது காலைக் காட்டினேன். அவர் விரல் இடுக்குகளைப் பார்த்தார். இடது காலையும் காட்டச் சொன்னார். அதையும் காட்டினேன். அப்போதாவது இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். வரிசையில் நின்றவர்களும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு தகர டப்பியில் படைக் களிம்பு போட்டுக் கொடுத்தார், இரண்டு வேளை தடவச் சொன்னார். வெளியே வந்ததும் பிலோமி, "உனக்கு கால்ல ஒண்ணுமே இல்லியே, அம்மா" என்றாள்.

"உள்ள இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் களிம்பை எங்கே தடவினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அது பாதத்துத் தடித்த தோலை உரிக்கிற மருந்து. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். அப்படியும் அலறல் கேட்டுப் பிலோமி வெளியிலிருந்து தட்டினாள். "பாம்பா அம்மா? ஸாம்ப் ஹை க்யா?" என்று கத்தினாள். இங்கே மழைக்காலத்தில் குளியலறையில் பாம்பு வருவதுண்டு. ஆமாம், ஓடிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் கம்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் தேடினாள்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்த மனிதர் மேல் தப்பில்லை. காலைக் காட்டியவள் நான்.

4

அதற்குப் பத்து நாள் கழித்துப் பாவாடையில் ரத்தத் துளி பார்த்தேன். ஒரு பொட்டு அளவுதான். மாதாந்திரம் நின்று மூன்று வருஷம் ஆனவளுக்கு ரத்தம் என்றால் என்ன அர்த்தம் என்று மரியபுஷ்பத்தின் சாவு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அழவில்லை. வேலையைப் பார்த்தேன். மகளைக் கூப்பிட்டு மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு, எப்போது கரைத்து ஊற்றுவது என்று காட்டினேன். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னேன். ஞானஸ்நானச் சீட்டும் பள்ளிக்கூடக் காகிதங்களும் டிரங்குப் பெட்டியில் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று காட்டினேன். அவளுக்கு அளவு ரவிக்கை ஒன்று காகிதத்தில் வெட்டி, அந்த அச்சை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கவில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்? எங்க போற நீ? மெயின்லேண்டுக்கா?"

"எங்கயும் போகல. கத்துக்கிடணும்லா."

"பொய் சொல்லாத. நீ நின்னுக்கிட்டே சாப்பிடுற. நான் தேக்திருக்கேன். கால் அரிக்கிதுன்னு சொன்ன, ஒருநாளும் காலச் சொறியல. எங்க அரிக்கிது, அம்மா?"

'தேக்திருக்கேன்' என்றால் பார்த்திருக்கிறேன். இந்தி வார்த்தைக்குத் தமிழ் வாலை ஒட்டிப் பேசுவாள், நான் எப்போதும் திருத்துவேன். அன்றைக்குத் திருத்தவில்லை. இரண்டு வருஷத்தில் எங்கே என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். மிஷின் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன், மூத்திரம் போகிற இடம், பிள்ளை வருகிற வழி என்று. ரத்தத்தையும் சொன்னேன். மரியபுஷ்பத்தையும் சொன்னேன்.

முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஏதோ கணக்குக்கு விடை தேடுகிறவள் மாதிரி யோசித்தாள்.

"அதுக்கு தமிழ்ல எனக்கு வார்த்தையே தெரியாது. ஹிந்தியில தெரிஞ்சது கெட்ட வார்த்தைதான், ரோட்டுல பசங்க திட்டுறது. டாக்டர்கிட்ட அதச் சொல்ல முடியாது" என்றாள். பிறகு பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அதில் அந்தப் பக்கத்தை டீச்சர் நடத்தவே இல்லையாம். "நாளைக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். அங்க லேடி டாக்டர் இருக்காங்க."

போவதற்கு என் வீட்டுக்காரரின் பட்டறையிலிருந்து சீட்டு வேண்டும். வேலைக்காரரின் குடும்பத்துக்கு இலவச வைத்தியம், ஆனால் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். சீட்டில் நோயின் தன்மை என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குப் பயந்தே நான் இவ்வளவு நாள் கேட்கவில்லை. பிலோமி அதில் 'தோல்' என்று எழுதி அப்பாவிடம் நீட்டினாள். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் கையெழுத்தோடு வந்தது.

5

லேடி டாக்டர் வங்காளி அம்மா. நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். பிலோமி அவர் பக்கத்தில் போய்க் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். என்ன வார்த்தை சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. டாக்டர் அவள் தோளைத் தட்டி வெளியே உட்காரச் சொன்னார். ஒரு மலையாள நர்ஸைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதே. எனக்குத் தமிழ் கொஞ்சம் அறியும்."

விளக்கு வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். உள்ளேயும் சோதித்தார்கள். நான் மேலே மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றுதான், எண்ண எண்ண மூன்றுதான்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இந்தியில் கேட்டார். நர்ஸ் எனக்குச் சொன்னாள்: "என்ன போட்டுக் கழுவுது?"

சோப்பிலிருந்து பவுடர் வரை எல்லாம் சொன்னேன். படைக் களிம்பையும் சொன்னேன். நர்ஸுக்குச் சிரிப்பு வந்து வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"கேன்சர் இல்லை" என்றாள் நர்ஸ், டாக்டர் பேசி முடிப்பதற்கு முன்னாலேயே. "கர்ப்பப்பை நல்லா இருக்கு. ரத்தம் வந்தது தோல் கீறினதால். இது வயசுகொண்டு வருவது. மாதாந்திரம் நின்னால் உடம்பிலே ஒரு சத்து குறையும். அந்த இடத்துத் தோல் மெலிஞ்சு காஞ்சு போகும். நிறையப் பெண்ணுங்களுக்கு வரும். யாரும் சொல்ல மாட்டாங்க."

மரியபுஷ்பத்துக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது என்று கேட்டேன். நர்ஸ் அதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதனால்தான் வந்து காட்ட வேண்டும் என்றார். பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்காமல் யாருக்கும் தெரியாது. இனி எப்போதாவது ரத்தம் பார்த்தாலும், புண்ணோ வெள்ளைத் தழும்போ தெரிந்தாலும் ஒரு நாள் கூடக் காத்திருக்காமல் வர வேண்டும்.

அவர் சொன்னதைப் பிலோமி பிறகு நர்ஸிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்தாள். ஊரில் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். சோப்பு, கிருமி நாசினி, பவுடர், வேப்பிலை எதுவும் அங்கே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எரிச்சலுக்கு வாசனை சேர்க்காத வாஸலின் பூசலாம். நைலான் உள்பாவாடையை விட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்த பருத்தித் துணி உடுத்த வேண்டும். இதோடு அந்தச் சத்து கலந்த ஒரு களிம்பு, வாரத்தில் இரண்டு மூன்று நாள், பட்டாணி அளவு. அதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கடையில் கேட்டு வாங்கிப் பூசக் கூடாது.

கடைசியாக டாக்டர் என் புருஷனைப் பற்றிக் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன்.

"வலிச்சா வலிக்குதுன்னு அவரிடம் சொல்லணும்" என்றாள் நர்ஸ். "சொல்லியிட்டுண்டா?"

இல்லை என்றேன். டாக்டருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தால் பிலோமி பெஞ்சு நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லட்டி" என்றேன். அவள் அந்த வராந்தாவிலேயே, அத்தனை பேர் முன்னால், என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். "டர் லக்தா தா, அம்மா, டர் லக்தா தா" என்று அதையே சொன்னாள். பயமாக இருந்தது என்று அர்த்தம். அந்த இந்தி எனக்கு நன்றாகவே புரிந்தது.

களிம்பு ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு இங்கே கிடைக்காது என்று ஒரு சான்று வேண்டும், சான்றுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒரு கப்பல் வந்து போனது, அதில் வரவில்லை. அடுத்ததில் வந்தது. அதற்குள்ளேயே, சோப்பை நிறுத்திய இரண்டு வாரத்தில், பாதி எரிச்சல் அடங்கியிருந்தது. களிம்பு பூச ஆரம்பித்து ஆறு வாரத்தில், ஒரு முழு ரவிக்கையை எழுந்திருக்காமல் தைத்து முடித்தேன். பொத்தான் தைக்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பின்பக்கம் ஒரு ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். நர்ஸ் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அரிப்பு, பயம், களிம்பு, ரத்தம், டாக்டர். பாய் மாற்றிப் போட்டதற்குக் காரணம் இடுப்பு வலி இல்லை என்பதையும் சொன்னேன்.

இழைப்புளி நின்றுபோயிருந்தது.

"அப்ப எம்மேல கோவம் இல்லியா?" என்றார்.

"உங்க மேல எதுக்குக் கோவம்?"

"இந்தக் காட்டுக்குக் கொண்டாந்து போட்டுட்டேன்னு. ரெண்டு வருசமா நீ எம்மூஞ்சியக் கூடப் பாக்கல, ரீத்தா. சிரிக்கல. இனிப்பக் கூடத் தள்ளி வச்ச. ஊருக்குப் போகணும்னு ஏங்குதா, வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்கான்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்லா?"

அவர் இழைப்புளியின் வாயில் சிக்கிய சுருளை எடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார், "நான் எழுதிக் குடுத்துட்டேன், ஏளா."

"என்னத்த?"

"வேலைய விடுதேன்னு. சொந்த ஊருக்குத் திரும்புதேன், விடுவிச்சிருங்கன்னு. பரீட்சை முடியவும் மூணு பேரும் கப்பல் ஏறிரலாம்னு."

முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இந்த வீடு, என் மிஷின், பிலோமியின் படிப்பு, என் ரவிக்கைக்காரிகள். ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது? அவருடைய அண்ணன் வீட்டுப் பின்கட்டு. இந்தி பேசுகிற பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வேன்? நான் வாயை மூடியிருந்ததற்கு, அவரும் வாயை மூடிக்கொண்டே எங்கள் பதினெட்டு வருஷத்தையும் கட்டித் தூக்கக் கிளம்பியிருக்கிறார்.

"எனக்கு ஊருக்குப் போக வேண்டாம்" என்றேன். "நான் எப்பச் சொன்னேன் போகணும்னு? இங்கனதான் இருக்கணும்."

அவர் உளியையும் இழைப்புளியையும் எடுத்து வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையை மட்டும் இல்லை. "எனக்கும் போக மனசில்ல" என்றார். "ஒனக்காகத்தான்."

மறுநாள் மூன்று பேரும் பட்டறை அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் நல்ல காலம், காகிதம் இன்னும் மேலே போகவில்லை. குமாஸ்தா ஒரு தெலுங்கர், இங்கே அவருக்கும் இந்திதான். திரும்பப் பெறுவதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றார். இவர் தமிழில் சொல்ல, பிலோமி ஆங்கிலத்தில் எழுதினாள்: என் மனைவி இங்கேயே இருக்க விரும்புகிறாள் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன், ஆகவே விண்ணப்பத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.

குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தார். "ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், இதுவரை தெரியாதா?" என்று இந்தியில் கேட்டார்.

"பூச்சா நஹீ" என்றார் இவர். கேட்கவில்லை.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். யாரையும் மொழிபெயர்க்கச் சொல்லாமல் நானே சொன்னேன், "மைம் போலா நஹீ."

"போலா இல்ல அம்மா, போலீ" என்று பிலோமி திருத்தினாள். பெண் சொன்னால் அப்படித்தான் வருமாம்.

"மைம் போலீ நஹீ" என்றேன். நான் சொல்லவில்லை.

குமாஸ்தா பழைய விண்ணப்பத்தின் மேல் ரத்து முத்திரையைக் குத்தி எங்களிடம் நீட்டினார்.